கல்விக்குக் கணக்குப் பார்க்காதவர்: அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்

உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு கொப்பிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல். மற்றது வாப்பாவின் கடன் கொப்பி.

லிந்துலை பஸாரில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்தில் சம்பளம் போடும் நாள்வரை அரிசியும் மாவும் சீனியும் கடனுக்குப் போகும். சம்பள நாளன்று கொஞ்சம் திரும்பி வரும். அந்த வரவு செலவு முழுவதும் நீல மட்டை போட்ட அந்தக் கொப்பியில்தான். நான் கணக்கீடு படித்தது நம் கல்லூரியில் என்றாலும், பற்றும் வரவும் என்னவென்று முதலில் காட்டித்தந்தது அந்தக் கொப்பிதான்.

வணிகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றிலும் நல்ல சித்தி கிடைத்திருந்தது. நுவரெலியா மாவட்டத்துக்கு முகாமைத்துவ பீடம் ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்று ஆசிரியைகள் சொன்னார்கள். நான் கைந்நூலை விரித்து எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா கடன் கொப்பியை விரித்து வேறொரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். வாப்பாவின் மௌனத்தின் பொருள் உம்மாவுக்கும் எனக்கும் தெரியும். விடுதி, பஸ் செலவு, சாப்பாடு, புத்தகம், அதற்கு மேல் தம்பியின் படிப்பு. கடைக்காரரின் மகளுக்குப் பட்டம் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போன உறவினரும் இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் நான் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கையை இரண்டாவது தடவை படித்தேன். முதல் தடவை படித்தது நம் கல்லூரியின் மீலாத் விழாக் கட்டுரைப் போட்டிக்காக. அப்போது பிறந்த திகதியும் வகித்த பதவிகளும் மனனமாயின, இரண்டாம் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த மனிதரை அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகக் கதவுக்கு வெளியே, உள்ளே போவோமா மாட்டோமா என்று நின்றபோதுதான் தெரிய வந்தது. தங்கைமாரும் அவர்களின் பெற்றோரும் வாசிக்கும் இம்மலரில் அந்த வாழ்க்கையைச் சொல்ல விரும்பியதன் காரணமும் அதுவே.

வண்ணார்பண்ணையில் தொடங்கிய வழி

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் யாழ்ப்பாணத்தில் மதிப்புப் பெற்ற சட்டத்தரணி; காதி நீதிபதியாகவும் இருந்தவர். சிறுவர் அஸீஸ் முதலில் குர்ஆன் மத்ரசாவில் ஓதினார். பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் போனார்.

இந்தத் தகவலை முதலில் படித்தபோது நான் அதைக் கடந்து போய்விட்டேன். இரண்டாம் முறை நின்று யோசித்தேன். தொழுகையும் ஓதலும் உள்ள வீட்டிலிருந்து ஒரு முஸ்லிம் பையன் காலையில் புறப்பட்டு, சைவப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அமர்ந்து தமிழ் படிக்கிறான். மார்க்கம் வீட்டிலும் மத்ரசாவிலும் உறுதியாக ஊன்றியிருந்ததனால் அயல் வகுப்பறை அவனுக்குப் பயமாக இருக்கவில்லை. அங்கே பெற்ற தமிழ்தான் பின்னாளில் அவர் எழுதிய நூல்கள் அத்தனைக்கும் மூலதனம். பிள்ளையை வேற்றூருக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ என்று கலங்கும் பெற்றோருக்கு அந்தத் தந்தை எடுத்த முடிவில் ஒரு செய்தி இருக்கிறது. வீட்டில் கொடுத்ததை உறுதியாகக் கொடுத்துவிட்டுத்தான் அவர் மகனை வெளியே அனுப்பினார்.

சிறிய கல்லூரியின் மாணவர்

1929இல் அஸீஸ் கொழும்புக்கு வந்து பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. 1921இல் தேர்ஸ்டன் வீதியில் திறக்கப்பட்ட இக்கல்லூரி மட்டுமே இருந்தது. சில நூறு மாணவர்களைக் கொண்ட சிறிய நிறுவனம் அது. பட்டம் வழங்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. கொழும்பில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். அதில் சித்தியடைந்தால் பட்டம். இல்லாவிட்டால் படித்த ஆண்டுகள் கையில் ஒன்றும் இல்லாமல் போகும்.

இன்று நாம் இசெட் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று கவலைப்படுகிறோம். அன்றைய வாசல் இதைவிட எவ்வளவோ ஒடுக்கமானது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது திறக்கவே மாட்டாது. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் பணம் கட்டிப் படித்தவர்களே பெரும்பாலும் அதன் வழியே போனார்கள். முஸ்லிம் மாணவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினர். காரணம் அறிவுக் குறைவல்ல. நம்மவர் வியாபாரச் சமூகம். எழுதவும் கூட்டவும் தெரிந்தவுடன் பையனைக் கடையில் உட்கார வைப்பதே வழக்கம். ஆண் பிள்ளைகளின் நிலை இது என்றால் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அக்கல்லூரியில் அஸீஸ் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து 1933இல் லண்டன் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்து, 1934இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செயின்ட் கெதரின்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அங்கே மேற்படிப்பு முடிவதற்குள் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானதாகச் செய்தி வந்தது. நாடு திரும்பி 1935இல் பதவியேற்றார். அச்சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் நாட்டை ஆண்ட காலம் அது. ஓர் இளைஞர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி சிவில் சேவை. இளம் வயதிலேயே அஸீஸ் அதை எட்டிவிட்டார்.

வாப்பா கடையை மூடிவிட்டு வந்த ஒரு மாலையில் இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இதில் நமக்கு என்ன இருக்கிறது, அவர் சட்டத்தரணியின் மகன்தானே என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் என்னிடம் இருக்கவில்லை. மறுநாள் வாசித்த பக்கத்தில் அது இருந்தது.

கல்முனையில் கண்டது

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா ஜப்பானின் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. நாட்டைப் பஞ்சம் நெருங்கியது. உள்ளூரில் நெல் விளைவித்தே தீரவேண்டும் என்ற நிலையில், கல்முனையில் அவசரமாக ஒரு கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ்.

அவர் பார்க்கப் போன வேலை உணவு உற்பத்தி. காணியற்றவர்களுக்குக் காணி ஒதுக்கினார், காடாய்க் கிடந்த நிலங்களை வயலாக்க உழைத்தார். வயல்வெளிகளிலும் கிராமங்களிலும் சுற்றித் திரிந்தபோது இன்னொரு பஞ்சமும் அவர் கண்ணில் பட்டது. கூர்மையான பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே படிக்க வழி இருக்கவில்லை. தாம் ஏறி வந்த ஏணி இந்தப் பிள்ளைகளின் ஊரில் நாட்டப்படவே இல்லை என்பதை அங்கேதான் அவர் நேரில் கண்டார்.

கல்முனைக்குப் பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். தமிழறிஞராகவும் பல பாடசாலைகளை வளர்த்த கல்வியாளராகவும் பேர் பெற்றவர். அவருடன் அஸீஸுக்கு நெருங்கிய நட்பு உண்டானது. இந்துத் துறவி ஒருவரும் முஸ்லிம் அதிகாரி ஒருவரும் அமர்ந்து தத்தம் சமூகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்ட அந்த நாட்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அஸீஸ் தொடங்கினார். அரசாங்கக் கோப்புக்குள் அடங்கிய வேலையோடு நின்றிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதோடு நிற்கவில்லை.

நிதி ஒன்று பிறந்தது

கல்முனையில் தொடங்கிய சிந்தனை மூன்று ஆண்டுகளில் நாடளாவிய வடிவம் பெற்றது. 1945 மே 19ஆம் திகதி இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கப்பட்டது. நோக்கம் எளிமையானது. படிக்கும் ஆற்றல் இருந்தும் பணமில்லை என்ற ஒரே காரணத்தால் எந்த முஸ்லிம் பிள்ளைக்கும் உயர்கல்வி கைநழுவிப் போகக்கூடாது. வசதி படைத்தோரிடமிருந்து பணம் திரட்டுவது. தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பது. இன்றும் இயங்கிவரும் இந்நிதியால் பட்டம் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதிதான் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றாகியது. அப்படியானால் கல்விச் சகாய நிதிக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை. கட்டணம் இல்லாத கல்விக்கும் செலவு உண்டு. பிள்ளை தலைநகரில் தங்க வேண்டும், உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். உழைக்கக்கூடிய வயதில் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்காமல் படிக்க வேண்டும். இந்தக் கடைசிச் செலவை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை. ஆனால் ஏழை வீட்டில் மிகவும் பாரமானது அதுதான்.

இதை வாசித்தபோது வாப்பா தம் கடன் கொப்பியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த கணக்கும் அதேதான். இலவசக் கல்வி நாட்டில்தான் நானும் படித்தேன். ஆனாலும் மாதாமாதம் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய பணம் கடையில் இருந்துதான் வரவேண்டியிருந்தது. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இதை உணர்ந்து அதற்கென ஒரு நிதியே தொடங்கினார் என்பது வாப்பாவுக்குப் புதினமாக இருந்தது. தன் கவலை தன் கஞ்சத்தனம் அல்ல, அது பல வீடுகளின் கவலை என்று அறிந்தது அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

ஸாஹிறாவின் அதிபர்

கொழும்பு மருதானையிலுள்ள ஸாஹிறாக் கல்லூரி 1892இல் தொடங்கியது. கண்டிச் சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷா, கட்டட ஒப்பந்தக்காரரான வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் கூட்டு முயற்சி அது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் தொழிலில் சம்பாதித்தவர். சம்பாதித்ததைச் சமூகப் பிள்ளைகளின் கல்விக்கும் தந்தவர். வியாபாரியின் பணம் கல்லூரியான கதை நம் சமூகத்தில் பழைய கதைதான் என்று சொன்னபோது வாப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

1921இலிருந்து ஸாஹிறாவின் அதிபராக இருந்து அதை வளர்த்தவர் ரி.பி. ஜாயா அவர்கள். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அவர் அமைச்சராகிவிட்டதால் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டார். 1948 ஓகஸ்டில் அஸீஸ் சிவில் சேவையிலிருந்து விலகி அந்தப் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது முப்பத்தாறு. வெள்ளைக்காரர் போய், நாட்டின் நிருவாகம் முழுவதும் நம்மவர் கைக்கு வந்த நேரம் அது. இன்னும் சில ஆண்டுகளில் அமைச்சின் செயலாளர் போன்ற பதவிகள் அவரைத் தேடி வந்திருக்கக்கூடும். ஊரே வியந்து பார்த்த நாற்காலியை விட்டு எழுந்து, கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் உள்ள ஓர் இடத்துக்குப் போனார். அன்று பலருக்கு அது விளங்கவில்லை. கல்முனையில் அவர் கண்டதை அறிந்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

1961 முடியும்வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் அதிபராக இருந்தார். பரீட்சைப் பெறுபேறு மட்டும் அவருக்குப் போதவில்லை. முஸ்லிம்களின் சிந்தனையும் செயலும் அங்கிருந்து நாடெங்கும் பரவ வேண்டும் என்று எண்ணினார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் ஸாஹிறாவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகை பெருகியது. கல்லூரிக் கதவு முஸ்லிம்களுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. பின்னாளில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு படித்தவர், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். இந்துக் கல்லூரியில் தாம் பெற்றதை ஸாஹிறாவில் அஸீஸ் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குப் படுகிறது.

அதே காலத்தில் வேறு பணிகளும் அவர் தோளில் இருந்தன. 1950இல் வை.எம்.எம்.ஏ. இயக்கங்களை ஒரு பேரவையாக ஒன்றிணைத்தார். 1952 முதல் 1963 வரை செனட் சபையில் உறுப்பினராக இருந்தார். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்றார். முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ் என்பதில் அவருக்கு ஒருபோதும் தடுமாற்றம் இருந்ததில்லை. அறபுத் தமிழ் இலக்கியத்தின் பெருமையை எடுத்துச் சொன்னார். இலங்கையில் இஸ்லாம், மிஸ்ரின் வசியம், தமிழ் யாத்திரை முதலிய நூல்களை எழுதினார். பின்னர் அரசாங்க சேவை ஆணைக்குழுவிலும் பணியாற்றினார்.

1973 நவம்பர் 24ஆம் திகதி அவர் இறையடி சேர்ந்தார். பிறந்த மண்ணிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் நடத்திய முதலாவது பட்டமளிப்பு விழாவில், அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின் இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கி அவரைக் கௌரவித்தது.

கைந்நூலைப் பூர்த்தி செய்த இரவு

வாசித்து முடித்த இரவு வாப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் கடன் கொப்பியில் ஒரு புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார். கீழே விடுதி, பஸ், சாப்பாடு, புத்தகம் என்று மாதச் செலவு வரிசையாக இருந்தது. எட்டு மாதத்துக்குத் தன்னால் சமாளிக்க முடியும், மிச்சத்துக்கு வழி தேடுவோம் என்றார். அன்று இரவே இருவரும் உட்கார்ந்து கைந்நூலைப் பார்த்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தோம்.

தங்கைமாருக்காக அந்த இரவில் நாங்கள் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் முகாமைத்துவம், வர்த்தகம் போன்ற கற்கைநெறிகளுக்கு அனுமதி மூன்று வழியில் நடக்கிறது. 40 சதவீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில். மிகுதி 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம் நுவரெலியா அந்த 16இல் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட்டு மனம் உடைந்துவிடாதீர்கள். ஒரே கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. விருப்ப ஒழுங்கில் இரண்டு மூன்றை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், கிடைக்கக்கூடிய இடத்தை நீங்களே இழந்துவிடுவீர்கள். மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழக நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கக் கூச்சப்படவும் வேண்டாம். குடும்ப வருமானத்தை எழுதுவது வெட்கத்துக்குரிய காரியம் அல்ல.

எனக்குக் கிடைத்தது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வர்த்தக பீடம். 1995இல் அது ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே பீடங்கள். அதில் ஒன்று எங்கள் பீடம். மறு வருடமே அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் தடவை கல்முனையிலிருந்து ஒலுவிலுக்கு பஸ்ஸில் போனபோது வழியில் காரைதீவு என்ற பெயர்ப்பலகையைக் கண்டு திடுக்கிட்டேன். அஸீஸ் அவர்கள் நெல்லுக்காக அலைந்த வயல்கள் சன்னலுக்கு வெளியே விரிந்து கிடந்தன. ஏணியே இல்லாதிருந்த அந்த மண்ணில் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. அதற்கு மலைநாட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை படிக்கப் போகிறாள்.

லிந்துலையில் மே மாதத்திலும் கம்பளிச்சட்டை போட்டுப் பழகியவளுக்கு ஒலுவில் கடற்கரையின் வெயில் முதல் மாதத்தில் பெரும் சோதனை. அதைவிடப் பெரிய சோதனை ஆங்கில விரிவுரை. தமிழில் பற்று வரவு என்று படித்தவளுக்கு முதல் சில வாரங்கள் எதுவும் தலையில் ஏறவில்லை. ஒரு நாள் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். விடுதியில் என் அறையில் இருந்த புத்தளத்துப் பிள்ளையும் அதே நிலை. மட்டக்களப்புப் பிள்ளையும் அதே நிலை. மூவரும் இஷாவுக்குப் பிறகு ஓர் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தோம். இரண்டாம் அரையாண்டில் பயம் தெளிந்தது. மஹாபொலவும் கிடைத்தது. வாப்பா சொன்ன எட்டு மாதம் முடியும் முன்னரே வழி திறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற விடுமுறையில் வாப்பாவின் கணக்கை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று கொப்பியை எடுத்தேன். பின்பக்கங்களில் சின்னச் சின்னத் தொகைகள் பல வருடமாக அறவிடப்படாமல் கிடந்தன. கொப்பி இரண்டு, பேனை ஒன்று, கணித உபகரணப் பெட்டி ஒன்று. எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரில். படித்த புத்தியில் அவற்றை அறவிடமுடியாக் கடன் என்று பதிந்துவிடலாமா என்று கேட்டேன். வாப்பா கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேல் கணக்குத் தோட்டத்துப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கடன் வந்து சேர்ந்துவிட்டது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரோ சட்டயாப்போ இல்லாமல், லிந்துலையின் ஒரு மூலையில் வாப்பாவும் ஒரு கல்விச் சகாய நிதியை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். அறிஞர் அஸீஸின் வாழ்க்கையை நான் வாசித்துக் காட்டியது அவருக்குப் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருந்ததைத் தன் மகளுக்கும் செய்யலாம் என்ற துணிவை மட்டும் கொடுத்திருக்கிறது.

என் பெயரிலுள்ள பக்கம் இன்னும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. வேலை கிடைத்ததும் எத்தனை தவணையில் தீர்க்க வேண்டும் என்று கேட்டேன். தனக்குத் தர வேண்டாம், லிந்துலையிலிருந்து அடுத்து எந்தப் பிள்ளைக்குக் கடிதம் வருகிறதோ அந்தப் பிள்ளைக்குக் கொடு என்றார். மேல் கணக்கு அந்தப் பிள்ளை இப்போது உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்திருக்கிறாள். என் பழைய கணக்கீட்டுக் குறிப்புகளைக் கட்டி அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அனுமதிக் கைந்நூல் வந்ததும் அவளுடன் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவதாகவும் சொல்லியிருக்கிறேன்.